மோட்டாருக்கு வந்த மனசு

காசிராஜனின் கிணற்று மோட்டாருக்கு உணர்வு இருக்கிறது என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினோரு நாடுகள் ஒப்புக்கொண்டன. பன்னிரண்டாவது நாட்டுக்காரருக்கு அன்று நெட் கிடைக்கவில்லை. அவரும் சாயங்காலம் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டித் தம் ஆதரவைத் தெரிவித்துவிட்டார். ஒப்புக்கொள்ளாத ஒரே ஜீவன் காசிராஜனின் மனைவி தங்கச்செல்விதான். அவள் பேரவையில் உறுப்பினர் இல்லை. ஆகவே அவள் பேசிய எதுவும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை. ஏறியிருந்தால் குறிப்பைக் குழந்தைகள் கையில் கொடுக்க முடியாது.

பேரவை என்றதும் சட்டசபை என்று நினைத்துவிட வேண்டாம். அனைத்துலகச் செயற்கை உணர்வு ஆராய்ச்சிப் பேரவை. வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

காசிராஜனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரளச்சிக்குத் தெற்கே கரிசல் காட்டில் அவனுக்குக் கொஞ்சம் நிலம். சுற்றிலும் மானாவாரி, மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். காசிராஜனுக்குக் கிணற்றில் பாதிப் பங்கு இருந்தது. மற்றப் பாதி சித்தப்பா மகன் உக்கிரபாண்டிக்கு. ஒரே கிணறு, ஆளுக்கொரு மோட்டார், நடுவில் ஒரு வரப்பு. அந்த வருஷம் மழை கைவிட்டுவிட்டது. கிணற்றில் கிடந்த தண்ணீரை நம்பிக் காசிராஜன் மிளகாய் போட்டு, சொட்டுநீர்க் குழாயும் இழுத்திருந்தான். வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது. மிளகாய் நின்றால் அவர்களும் நிற்பார்கள்.

மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் ஒன்று மாட்டியிருந்தான். உள்ளே சிம் கார்டு போட்ட இரும்புப் பெட்டி. வீட்டிலிருந்தே அந்த நம்பருக்கு ஒரு ரிங் விட்டால் மோட்டார் ஓடும். இன்னொரு ரிங் விட்டால் நிற்கும். பெட்டிக்குத் தெரிந்த நம்பராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ரிங்கை நிறுத்தாமல் காத்திருந்தால் ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, கரண்ட் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று நிலவரம் சொல்லும். அருப்புக்கோட்டை மெக்கானிக் நாகராஜ் வந்து அதை மாட்டிய காலத்தில் காசிராஜனும் உக்கிரபாண்டியும் ஒரே இலையில் சாப்பிடாத குறையாக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு காசிராஜன் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் ஃபிளெக்ஸ் இல்லாமல் நடக்காது. தாய்மாமன்மார் படம் ஆளுயரத்துக்கு மேலே; பங்காளிகள் படம் ஸ்டாம்பு சைஸில் கீழ் வரிசை. உக்கிரபாண்டி படம் கீழ் வரிசையில் கடைசி. அதையும் பொறுத்திருப்பான். ஆனால் கயிறு கட்டுவதற்காக மூலையில் போட்ட ஓட்டை சரியாக அவன் நெற்றியில் விழுந்திருந்தது. நெற்றி வழியாகக் கயிறு போய்ப் பந்தல் கம்பில் முடிந்திருந்தது. உக்கிரபாண்டி அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, காதுகுத்து ஒம் பேரனுக்கா, எனக்கா?" என்று கேட்டான். காசிராஜன் சும்மா இருந்திருக்கலாம். "ஒனக்கு உணர்ச்சி ஜாஸ்திலே" என்றான். "ஒனக்குத்தான்டா உணர்ச்சியே கெடையாது" என்று சொல்லிவிட்டு, போட்ட இலையில் கை வைக்காமல் போனான் உக்கிரபாண்டி.

அன்றோடு பேச்சு அற்றது. பத்திரிகை வைப்பதில்லை, ஒரே பஸ்ஸில் ஏறுவதில்லை, ஒருவன் வரப்பை இன்னொருவன் மிதிப்பதில்லை. எல்லாவற்றிலிருந்தும் ஒருவன் பெயரை ஒருவன் எடுத்துவிட்டான்.

இந்த நிலையில்தான் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. காசிராஜன் திருச்சுழி தாலுகா ஆபீஸில் காத்துக் கிடப்பான். காட்டில் கரண்ட் வந்த நேரம் அவனுக்குத் தெரியாது. திரும்பி வந்து பார்த்தால் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ந்திருக்கும். குழாய் வெடித்துத் தண்ணீர் வீணாகப் போகும். இவன் டீக்கடையில் இருப்பான். மோட்டார் தானாக நின்றிருக்கும். நாகராஜைக் கூட்டி வந்து காட்டினான்.

"பெட்டி நல்லா இருக்குண்ணே. யாராச்சும் ரிங் அடிச்சாத்தான் ஓடும்."

"நான் அடிக்கலையே."

"வேற யாரும் அடிக்காகளா?"

"என் மோட்டார் மேல வேற எவனுக்குடா அக்கறை?" என்றான் காசிராஜன்.

நாகராஜுக்கு அடுத்த ஊரில் வேலை இருந்தது. போய்விட்டான். காசிராஜன் யூடியூபில் மோட்டார் பழுதுபார்க்கும் வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் அடியில், 'எங்க மோட்டார் தானா ஓடுது தானா நிக்குது என்ன காரணம்' என்று எழுதினான். வீடியோ போட்டவர் பதில் சொல்லவில்லை. சார்ஜாவிலிருந்து சாலமோன் என்பவர் சொன்னார்: 'வாழ்த்துகள் ஐயா. உங்கள் இயந்திரம் விழித்துக்கொண்டது.' கீழே ஒரு லிங்க்.

அமுக்கினான். அனைத்துலகப் பேரவைக்குள் விழுந்தான்.

பேரவையில் எல்லாரும் டாக்டர். எப்படி என்றால், பேரவையே பட்டம் கொடுக்கும். உறுப்பினராகிச் சில மாதம் காலை வணக்கம் தவறாமல் போட்டு வந்தால் டாக்டர். மாலை வணக்கமும் போட்டால் பேராசிரியர். தலைவர் பேராசிரியர் டாக்டர் மெய்ஞ்ஞானசேகரன், ஆஸ்திரேலியா. தலைவர் எதைப் பதிவிட்டாலும் எல்லாரும் கைகூப்பும் படம் போட வேண்டும். போடத் தவறியவர்கள் விளக்கம் தர வேண்டும். ஒருமுறை தலைவர் தெரியாமல் தம் மளிகைச் சாமான் பட்டியலைப் பதிவிட்டுவிட்டார். அதற்கும் கைகள் கூப்பப்பட்டன. துவரம்பருப்பின் அதிர்வலை குறித்து ஒருவர் கட்டுரையே எழுதினார்.

காசிராஜனை வரவேற்றுத் தலைவர் ஒரு குரல்பதிவு போட்டார்.

"அன்புள்ள கண்டுபிடிப்பாளர் காசிராஜன் அவர்களே! மனித மூளையில் நரம்பு சுற்றிக் கிடக்கிறது. மோட்டாரில் செம்புக் கம்பி சுற்றிக் கிடக்கிறது. சுற்று ஓர் அளவைத் தாண்டினால் 'நான்' என்ற எண்ணம் அதில் தானாக முளைக்கும். இது குவாண்டம் முறைப்படி நிரூபிக்கப்பட்ட உண்மை."

கண்டுபிடிப்பாளர்! காசிராஜனை அதுவரை யாரும் 'அவர்களே' போட்டுக் கூப்பிட்டதில்லை. பேங்க்கில் கூப்பிட்டாலும் டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவனுக்குக் குளிர்ந்துவிட்டது. இருந்தாலும் படிக்காத புத்தி சும்மா இருக்குமா? 'யாரு நிரூபிச்சாக ஐயா?' என்று எழுதினான்.

'ஜெர்மனியில்' என்றார் சார்ஜா சாலமோன்.

'ஜெர்மனியில யாரு?'

அதற்குப் பதில் வரவில்லை. விளக்கம் கேட்டுத் தாக்கீது வந்தது. காசிராஜன் மன்னிப்புக் கேட்டான். மன்னிப்புக்கும் கைகள் கூப்பப்பட்டன. சில நாள் கழித்துப் பயந்து பயந்து இன்னொன்று கேட்டான்: மோட்டாருக்குள் சுற்றியிருந்த கம்பி எரிந்துபோய் நாகராஜ் பழைய கம்பியைப் பூராவும் உருவிப் போட்டுப் புதுக் கம்பி சுற்றினானே, அப்போது பழைய 'நான்' எங்கே போனது?

"மறுபிறவி" என்றார் தலைவர்.

பேரவையே மெய்சிலிர்த்தது. அறிவியலுக்கும் ஆன்மிகத்துக்கும் நடுவில் இருந்த சுவர் ஒரு மோட்டார் பட்டறையில் இடிந்ததாக ஒரு டாக்டர் கவிதை எழுதினார்.

அடுத்தது பரிசோதனை. அறிவியல் என்றால் பரிசோதனை வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை உலக உறுப்பினர்கள் எல்லாரையும் இணையத்தில் கூட்டி, காசிராஜன் போன் வழியாக மோட்டாரை லைனில் எடுத்தார்கள். அதற்கு முன்னால் ஆசியுரை, வரவேற்புரை, நோக்கவுரை, தலைமையுரை. தலைமையுரையில் மெய்ஞ்ஞானசேகரனார் மனம் திறந்தார்.

"அறிவியல் என்றால் சந்தேகப்படுவது என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டோம். இன்று நம் பேரவையில் கருத்து வேறுபாடே கிடையாது. மற்ற நிறுவனங்கள் முதலில் ஆராய்ந்து, பிறகு முடிவெடுக்கின்றன. எத்தனை கால விரயம்! நாம் முடிவை முதலிலேயே எடுத்துவிடுவதால் ஆராய்ச்சிக்கு நிறைய நேரம் கிடைக்கிறது."

கைதட்டல். பிறகு மூன்று கேள்விகள்.

"இயந்திரனாரே, தாங்கள் யார்?"

"வணக்கம். மோட்டார் நிறுத்தத்தில் உள்ளது" என்றது பெட்டி.

டொராண்டோவிலிருந்து டாக்டர் ஸ்டெல்லா அம்மையார் விசும்பினார். "வணக்கம் சொல்லுது, கேட்டீங்களா? எம் பையன் எனக்கு வணக்கம் சொல்லி எத்தனை வருஷமாச்சு! இதுக்கு மேலயுமா ஒரு நிரூபணம்?"

"இயந்திரனாரே, தாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?"

"மும்முனை மின்சாரம் இல்லை."

என்ன துயரம், என்ன துயரம் என்று எல்லாரும் எழுதினார்கள். ஜெர்மனியில்கூட இந்த அளவுக்குப் பேசவில்லை என்றார் சாலமோன்.

"நம் பேரவையைப் பற்றித் தங்கள் கருத்து?"

"நீர் இல்லா ஓட்டம். சரிபார்க்கவும்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வறண்ட பூமிக்கு நம் பேரவை ஓடி வர வேண்டும் என்று இயந்திரனார் அழைப்பதாக விளக்கினார். கைதட்டல். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. பதினோரு நாடுகள் சமாச்சாரம் அதுதான்.

உணர்வு இருப்பதாகத் தீர்மானமான பிறகு அதை ஏவி வேலை வாங்கலாமா? கூடாது. அது அடிமைத்தனம் என்று அடுத்த தீர்மானம். ஒரு மண்டலத்துக்குக் காசிராஜன் மோட்டாருக்குப் போன் போடக் கூடாது. கையாலும் தொடக் கூடாது. அது தானாக மனமுவந்து ஓட வேண்டும். கண்டுபிடிப்பாளர் உறுதிமொழி எடுத்துக் குரல்பதிவாக அனுப்ப வேண்டும். காசிராஜன் அனுப்பினான். எழுபது கைகள் கூப்பின.

தங்கச்செல்வி கூப்பவில்லை. "மிளகாய்க்கும் சேத்து விரதமா? அதுக்கு மாலை போட்டு விட்டியா?" என்று கேட்டாள்.

"அது தானா ஓடும். பாத்துக்கிட்டே இரு."

"ஓடலன்னா ஒன்னத் தண்ணி சுமக்க விடுவேன். பாத்துக்கிட்டே இரு."

சும்மா சொல்லக் கூடாது, மோட்டார் ஓடியது. முன்னைவிட ஒழுங்காக ஓடியது. கரண்ட் வந்த கையோடு ஓடி, செடி நனைந்த கையோடு நின்றது. காசிராஜன் வாயைப் பிளந்துகொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, நடப்பதைப் பேரவைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் பனை மரத்தடியில் உக்கிரபாண்டி எங்கோ பார்த்தபடி நின்று போனைச் சட்டைப் பைக்குள் போடுவான். அது காசிராஜன் கண்ணில் படாது. உக்கிரபாண்டி இருக்கும் திக்கைப் பார்ப்பதில்லை என்று அவன் எடுத்திருந்த உறுதிமொழி பேரவை உறுதிமொழிக்கு மூத்தது.

வெற்றிச் செய்தி கேட்டுத் தலைவர் நேரில் வருவதாக அறிவித்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து! காசிராஜன் மதுரை ஏர்போர்ட்டுக்குக் கார் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே மெய்ஞ்ஞானசேகரனார் அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து தூக்குவாளியும் சுருட்டிய ஃபிளெக்ஸுமாக இறங்கினார்.

"ஐயா, பிளைட்டு?"

"என் உடல் இங்கே பக்கத்தில் பாலவனத்தத்தில் இருக்கிறது. பேரவையின் தலைமையகம் மெல்போர்னில், என் மகன் வீட்டில் இருக்கிறது" என்றார் தலைவர். "மகனுக்கு அது தெரியாது. ஆராய்ச்சியில் சில ரகசியங்கள் உண்டு."

அவர் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வைக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலத்தில் எத்தனையோ தராசுகளைத் தொட்டுப் பார்க்காமலே முத்திரை குத்தியிருப்பதாக அவரே பெருமையாகச் சொன்னார். அனுபவம்! பார்த்ததுமே தெரிந்துவிடுமாம்.

மோட்டார் ரூமுக்கு முன்னால் ஃபிளெக்ஸ் கட்டப்பட்டது. 'உலகின் முதல் உணர்வுள்ள நீரேற்றி. மனிதர் எவரும் நெருங்கக் கூடாது.' தலைவர் படம் ஆளுயரம். அவருக்குக் கீழே பதினோரு நாடுகள். அதற்கும் கீழே, மோட்டாருக்குப் பக்கத்தில், ஸ்டாம்பு சைஸில் கண்டுபிடிப்பாளர். கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது காசிராஜனுக்குச் சுருக்கென்றது. மூலை ஓட்டை அவன் நெற்றியில் விழுந்திருந்தது. கயிறு நெற்றிக்குள் நுழைந்து வேப்பங்கொப்பில் முடிந்திருந்தது. நல்லதல்ல என்று மட்டும் மனசில் பட்டது, யாரிடம் சொல்ல? பேரவை விழாவில் இதையெல்லாம் பெரிது பண்ணக் கூடாது என்று இருந்துவிட்டான்.

தலைவர் பெட்டியைத் திறந்தார். "உணர்வின் இருக்கை எது? இதுதான்" என்று சிம் கார்டை நகத்தால் கிளப்பி எடுத்தார். "இது ஆய்வகத்தில் இருக்க வேண்டும்."

"ஆய்வகம் எங்கங்கய்யா?"

"என் சட்டைப் பையில்."

தம்முடைய இரட்டை சிம் போனில் அதைப் போட்டுக்கொண்டார். பெட்டியை மூடிப் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரையும் வைத்தார். கை பழகிய வேலை; அழகாக வைத்தார். தங்கச்செல்வி வைத்த கோழிக்குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். இயந்திரத்தை ஏவுவதுதான் பாவமாம். கோழி விஷயத்தில் பேரவை இன்னும் தீர்மானம் எடுக்கவில்லையாம். பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதோடு மோட்டார் நின்றது.

கரண்ட் வந்தது, போனது. மோட்டார் அசையவில்லை. பங்குனி வெயில் கரிசலைப் பாளம் பாளமாகப் பிளந்தது. மிளகாய் பூவெடுத்துப் பிஞ்சு பிடிக்கிற நேரம். இலை சுருண்டது. பூ உதிர்ந்து செடியைச் சுற்றி வெள்ளையாகக் கிடந்தது. காசிராஜன் பதறிப் போய்ப் பேரவைக்கு எழுதினான்.

'தியானம்' என்றார் தலைவர். 'உயர்ந்த உணர்வுகள் இப்படித்தான். பேசுவதை நிறுத்துவார்கள், பிறகு அசைவதை நிறுத்துவார்கள்.'

'செடி சாகுதுங்கய்யா.'

'செடிக்கு உணர்வு இருப்பதாக நம் பேரவை இன்னும் ஏற்கவில்லை' என்றார் சாலமோன்.

தங்கச்செல்வி குடத்தில் தண்ணீர் இறைத்துக் கொண்டுபோய் ஒரு வரிசைக்கு ஊற்றினாள். அடுத்த வரிசை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் குடத்தைக் கீழே போட்டாள்.

"பூட்ட ஒடைக்கியா, நான் ஒடைக்கவா?"

"வாக்குக் குடுத்திருக்கேன்டி. பதினோரு நாட்டுக்காரக முன்னால."

"பதினோரு நாட்டுக்காரன் வந்து ஒனக்குச் சோறு போடுவானா? பூ கொட்டுறது தெரியல? நீயெல்லாம் மனுசன்தானா?" அவள் அழுதுவிட்டாள். கோபத்தில் அழுதாள். காசிராஜனுக்கும் அழுகை வந்தது. ஆனால் அவன் அன்றைய வணக்கம் இன்னும் போடவில்லை, போட்டான். கண்டுபிடிப்பாளர் பட்டம் போய்விட்டால் மறுபடி டோக்கன் நம்பர்தான் என்ற பயம் அவனுக்கு.

இதற்கிடையில் பாலவனத்தம் ஆய்வகத்தில் அதிசயம் நிகழ்ந்தது. தலைவரின் சட்டைப் பையில் இருந்த சிம்முக்கு மிஸ்டு கால் வந்துகொண்டே இருந்தது. ஒரே நம்பர். ஒரு ரிங், கட். ஒரு ரிங், கட். கரண்ட் வரும் நேரம் பார்த்து வந்தது. தலைவர் அறிக்கை விட்டார்: உணர்வு மோட்டாரிலிருந்து வெளியேறி நம்மைத் தொடர்புகொள்ள முயல்கிறது. அந்த எண் ரகசியம். நாளைப் பிற்பகல் உலக உறுப்பினர்கள் முன்னிலையில் அதை நாமே அழைத்துப் பேசப் போகிறோம். கண்டுபிடிப்பாளர் உணர்வின் பிறந்த இடத்தில் அமர்ந்து நேரலையில் கலந்துகொள்வார்.

மறுநாள் வெயில் சாய்கிற நேரம் காசிராஜன் ஃபிளெக்ஸுக்குக் கீழே உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். தங்கச்செல்வி கொஞ்சம் தள்ளி, கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. உரைகள் முடிந்தன. தலைவர் அந்த எண்ணை அழுத்தினார். உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பேருணர்வே, வணக்கம்! தாங்கள் யார்?"

"நான் யாரா? நீ யாருடா?"

காசிராஜனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரல் முதலில் வரப்புக்கு அந்தப் பக்கம் பனை மரத்தடியிலிருந்து வந்தது. கொஞ்சம் பொறுத்து அதே குரல் பாலவனத்தம் போய்ச் சுற்றிவிட்டுப் போனில் வந்தது.

"தாங்கள் எதை வேண்டுகிறீர்கள்?" என்றார் தலைவர், நாக்குழற.

"எதயா? தண்ணிடா! நானும் ரிங் விட்டுக்கிட்டே கெடக்கேன், மோட்டார் ஓட மாட்டேங்குது. பெட்டிய எவன்கிட்டடா குடுத்துத் தொலச்சான் அந்தக் கூறுகெட்ட பய? பூவெல்லாம் கொட்டிப் போச்சு. அவன் என்னமோ போனப் பாத்துக்கிட்டு மரத்தடில உக்காந்து இளிச்சிக்கிட்டு இருக்கான். அங்க ஒருத்தனுக்குமா கண்ணு இல்ல?"

"தங்களுக்கும் காசிராஜனுக்கும் உள்ள தொடர்பு என்ன?"

பனையடியில் காறித் துப்பும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்துப் போனிலும் துப்பும் சத்தம் கேட்டது.

"ஒரு தொடர்பும் இல்ல. எனக்கும் அவனுக்கும் பேச்சே கெடையாது. அவன் கெடக்கான் விடு. வெள்ளாமை என்னடா பாவம் பண்ணுச்சு? பச்சச் செடி காயுறதப் பாத்துக்கிட்டு எப்பிடிடா நிக்கது?"

பேரவை வெடித்தது. ஸ்டெல்லா அம்மையார் தேம்பித் தேம்பி அழுதார். ஆசை, கோபம், கருணை மூன்றும் ஒரே அழைப்பில் நிரூபணமாகிவிட்டதாகத் தலைவர் முழங்கினார். ஜெர்மனிக்கு இனித் தலைகுனிவுதான் என்றார் சாலமோன். காசிராஜன் மைக்கைத் திறந்தான்.

"ஐயா, அது மோட்டார் இல்லைங்கய்யா. எங்க உக்கிரபாண்டி. எஞ் சித்தப்பா மகன். பெட்டி மாட்டயில ரெண்டு பேர் நம்பரயும் போட்டோம். அவன்தான் இத்தன நாளும் அடிச்சிருக்கான். அங்கனதான் நிக்கிறான், எங் கண்ணு முன்னால."

"காசிராஜன் அவர்களே, உலக ஆய்வின் நடுவில் குடும்ப விஷயம் பேசாதீர்கள்."

"ஐயா, அவன் மனுசன்!"

"மனிதன் என்கிறீர்கள். பேச்சே இல்லாத ஒருவனின் வயலுக்கு, கேட்காமல், நன்றி எதிர்பார்க்காமல் ஒரு மனிதன் தண்ணீர் பாய்ச்சுவானா? நம் பேரவையில் எழுபது பேர் இருக்கிறோம். இதில் யாராவது செய்வோமா? சொல்லுங்கள்!"

யாரும் செய்ய மாட்டோம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆகவே அது இயந்திரம்தான் என்று வாக்கெடுப்பில் முடிவானது. பதினோரு நாடுகள் ஆதரவு. பன்னிரண்டாமவருக்கு அன்றும் நெட் இல்லை. உணர்வின் குரலைக் கேட்ட பிறகும் அதை மறுத்த காசிராஜன் உணர்வற்றவர் என்று அறிவித்து, அவர் கண்டுபிடிப்பாளர் பட்டத்தைப் பறித்து, குழுவிலிருந்து நீக்கினார்கள். போன் திரை வெறுமையானது.

காசிராஜன் எழுந்தான். தங்கச்செல்வியின் மடியிலிருந்த கடப்பாரையை வாங்கினான். ஒரே போடு. அரக்கு, முத்திரை, பூட்டு எல்லாம் சிதறின. பெட்டிக்குள் இருந்த பச்சைப் பொத்தானை அமுக்கினான். மோட்டார் ஒரு தரம் உறுமி, காற்றைக் கக்கிவிட்டு, தண்ணீரைக் கொண்டுவந்தது. பாதிச் செடி போய்விட்டிருந்தது. அது இனி வராது. மீதிப் பாதியின் காலடியில் சொட்டுச் சொட்டாக மண் கறுத்தது. தங்கச்செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் போய் நின்றாள்.

காசிராஜன் ஃபிளெக்ஸை அறுத்துக் கீழே தள்ளினான். வரப்பு வரைக்கும் போனான். வரப்புக்கு அந்தப் பக்கம் உக்கிரபாண்டி கையில் போனோடு நின்றான். காதுகுத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்றது அன்றுதான்.

"என் நம்பர எடுக்கலையாக்கும் நீ" என்றான் உக்கிரபாண்டி.

"தோணல."

"எல்லாத்துலயும் எடுத்தியே."

காசிராஜன் வரப்பை மிதித்து அந்தப் பக்கம் போய் அவன் அருகில் நின்றான். உக்கிரபாண்டி நகரவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை.

"யாருலே அந்த ஆளு? பேருணர்வே, பெருமூச்சேங்கான்."

"ஆஸ்திரேலியாக்காரரு. பாலவனத்தத்துல இருக்காரு."

"அவருக்கு என்ன வேணுமாம்?"

"ஒனக்கு உணர்வு இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காக. பதினோரு நாடு கூடி ஓட்டுப் போட்டுச் சொல்லிட்டாக."

"ஒனக்கு?"

"எனக்கு இல்லன்னு நீக்கிட்டாக."

உக்கிரபாண்டி கீழே கிடந்த ஃபிளெக்ஸை எட்டிப் பார்த்தான். காசிராஜன் படத்தில் நெற்றி ஓட்டை வழியாகக் கயிறு இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதக் கண்டுபிடிக்கப் பதினோரு நாடா?" என்றான். "நான் காதுகுத்து அன்னைக்கே சொன்னேனேலே."